பதினொன்றாவது ஊசி

ஊசியக்காவுக்கு முகம் தங்காது, கைதான் தங்கும். கடைத்தெருவில் யாராவது வழிமறித்து, "என்னங்க, என்னைத் தெரியலையா? போன மாசம் வந்தேனே" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அவரே சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டிவிட்டால் போதும். "அட, நீங்களா! நரம்பு நழுவிக்கிட்டே போச்சே, கடைசியில இடது கையிலதானே எடுத்தோம்? இப்ப சுகர் எப்படி இருக்கு?" என்று சொந்தக்காரி மாதிரி விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவள் மேல் தப்பில்லை. பதினாறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரே ஜன்னலோரம், ஒரே முக்காலியில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்தவள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை இந்தப் பக்கம் நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். சூரப்புலி மாதிரி மீசை வைத்தவர்கள்தான் முதலில் கண்ணை மூடுவார்கள். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் எழுபது கை. ரப்பர் குழாயைக் கட்டு, தட்டிப் பார், துடை, குத்து, எடு. "கொஞ்சம் சுருக்குனு இருக்கும். அவ்ளோதான், முடிஞ்சுது. பஞ்சை அழுத்திப் பிடிங்க. அடுத்து!" இதுதான் ஒருநாளைக்கு எழுபது தடவை அவள் பேசிய பேச்சு. குழந்தைகள்கூட அவளிடம் அழாது. "அந்த ஊசியக்கா இருக்காங்களான்னு பாத்துட்டு டோக்கன் போடுங்க" என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டு, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தவளை ஒரு மனிதர் நிறுத்தினார். அவர் முகமும் அவளுக்கு நினைவில்லை. மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு, விரல்களில் லேசான நடுக்கம். பஞ்சை அழுத்திக்கொண்டே, "அம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். அதற்குள் அவள் வாய் "அடுத்து" என்று சொல்லிவிட்டது. "சரிம்மா, வேலையைப் பாருங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார். என்ன கேட்க வந்திருப்பார்? அன்றைக்கு முழுக்க அந்தத் தழும்பு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவலி வந்தது, வந்தது போகவில்லை.

மாத்திரை, கண்ணாடி, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒன்றுமில்லாத தலை ஏன் இப்படிப் பிளக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில், உடன் வேலை பார்த்தவள் ஒருத்தி சொன்னாள் என்று, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அக்குபங்சர் அறைக்குப் படியேறினாள். உள்ளே உட்கார்ந்திருந்தது இருபத்தெட்டு வயசுப் பெண். நாற்பத்து மூன்று வயசு ஊசியக்கா, 'இந்தச் சின்னதுகிட்டயா?' என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

சின்னது ஊசியை எடுக்கவே இல்லை. நாடியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது. எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது? குளிர் பிடிக்குமா, வெயில் பிடிக்குமா? சாப்பாட்டில் எந்த ருசி மேல் ஆசை வரும்?

"தெரியலயேம்மா" என்றாள் ஊசியக்கா.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவளிடம் யாரோ சொல்லி எவ்வளவு காலமாயிற்று! பிறகு ஐந்தே ஊசி, தலைமுடி கனம்கூட இல்லாதது. குத்தியது தெரியவில்லை. குத்திவிட்டு அந்தப் பெண் பக்கத்திலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்ததுதான் தெரிந்தது. "தலைவலி அன்னைக்கு ஒண்ணும் பெரிசாக் குறையல" என்று பிற்காலத்தில் தன்னிடம் வருகிறவர்களுக்கும் ஒளிக்காமல் சொல்வாள். "ஆனா படி இறங்குறப்ப நினைச்சேன், ஊசியைக் குத்திட்டு உக்காந்து கேக்கிற வேலையும் உலகத்துல இருக்கா, இவ்வளவு நாளா யாரும் சொல்லலியேன்னு."

அந்தச் சின்ன டீச்சரிடமே இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தாள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. ஊசியைப் பிடித்துப் பழக முதலில் சோப்புக் கட்டியில் குத்தச் சொன்னார்கள். வீட்டுச் சோப்பெல்லாம் சல்லடையாகிவிட்டது. அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸில் புரண்டுவிட்டு வந்து குளியலறையிலிருந்து கத்துவார்.

"ஏய், இதுல தேய்ச்சா நுரை வருமா, ரத்தம் வருமா?"

"கத்தாதீங்க. உங்க கால்ல குத்திப் பழகவான்னு கேட்டப்ப ஓடுனீங்கள்ல? அப்ப சோப்பு கஷ்டப்படட்டும்."

குத்துவது அவளுக்குக் கைவந்த விஷயம். குத்திவிட்டுச் சும்மா இருப்பதுதான் வரவில்லை. உள்ளே போன ஊசியை அடுத்த நொடியே உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்துவாள். சின்ன டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில். "யக்கா! எடுக்காதீங்க. வச்சிட்டு உக்காருங்க. இங்க யாரும் வரிசையில நிக்கல" என்று பதினைந்து வயசு மூத்தவளை எல்லார் முன்னாலும் அதட்டுவாள். ஊசியக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இன்னொரு பாடமும் உண்டு. எத்தனை ஊசி வைத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிப் படுத்திருக்கிறவர் தலைமாட்டில் வைக்க வேண்டும். எடுக்கும்போது அதைப் பார்த்து எண்ணி எடுக்க வேண்டும். "மயிரிழை மாதிரி இருக்கும். ஒண்ணை விட்டாலும் தெரியாது. அப்புறம் அவங்க வீட்டுக்குப் போய் உக்காரும்போதுதான் தெரியும்" என்பாள் சின்ன டீச்சர். வகுப்பே சிரிக்கும்.

படிப்பு முடிந்து தேர்விலும் தேறிவிட்டாள். சான்றிதழைச் சட்டம் போட்டாள். அதை மாட்டுவதற்குத்தான் சுவர் இல்லை.

அவர்கள் குடியிருந்தது ஒரு சலவைக்கடைக்கு மேலே. கடையும் வீடும் அண்ணிக்குச் சொந்தம். அண்ணி என்றால் கணவரின் அக்கா. அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்து, தொழில் படிக்க வைத்து, கல்யாணம் செய்து, மாடியையும் கொடுத்தவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மாடியில் தெருவைப் பார்த்து ஒரு முன்னறை உண்டு. அதில் கடையின் பழைய கூடைகளும் உடைந்த தள்ளுவண்டியும் ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தன. ஓர் ஒற்றைக் கட்டில், இரண்டு ஜன்னல், வெளியிலிருந்தே ஏற ஒரு தனிப் படி. ஊசியக்கா அந்த அறையை மனசுக்குள் ஆயிரம் தடவை கூட்டிப் பெருக்கியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஊருக்கு அந்தக் கோடியில் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று வருஷத்துக்கு விலகக் கூடாது. வராதவர்கள் அன்றைக்கே விலகல் கடிதம் கொடுத்துவிடலாம். ஆக, முன்னறையா, முக்காலியா என்று திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

"உன் இஷ்டம்" என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, "எதுக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். அவருடைய எல்லா இஷ்டமும் இந்த வாக்கியத்தில்தான் முடியும்.

கேட்டாள். அண்ணி இஸ்திரி மேசையில் நின்றபடி ஒரு படுக்கை விரிப்பின் மேல் இடது கையால் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"குத்துறதுக்குத்தான் ஆஸ்பத்திரியில சம்பளம் தர்றாங்களே. வீட்டுல வேற எதுக்கும்மா குத்தணும்?"

"இது வேற அண்ணி. அங்க எடுக்கிறது மட்டும்தான். இங்க அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்."

"கேக்கிறதுக்கு எதுக்கு ஊசி? காது போதாதா?"

பொத்தான்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறுந்த பொத்தான், பிரிந்த ஓரம் எல்லாம் தைத்துக் கொடுக்க கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவள் அவள். அண்ணி எது சொன்னாலும் சிரிப்பாள், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று கணவர் சொல்வார்.

அந்தக் கடையை இன்றைக்கு நினைத்தாலும் ஊசியக்காவின் மூக்குக்கு முதலில் வருவது ஆவி வாசனைதான். வெந்த துணி, சோடா, ஈரச் சுவர், இடையில் காலை பதினொரு மணி டீ. குழாய்களில் நீராவி புஸ்ஸென்று விட்டுக்கொண்டே இருக்கும். மாடித் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் செருப்பே வேண்டாம். ஓட்டல் வண்டி விரிப்பு மூட்டைகளோடு வந்தால் அண்ணி மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடுவாள். அவள் கடையில் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் ஒன்று என்று சொல்லிப் போட வேண்டும்; வாங்குகிறவள் ஒன்று என்று திருப்பிச் சொல்லி எடுக்க வேண்டும். இரண்டு வாயும் சொன்னால்தான் அது எண்ணிக்கை. வண்டிக்காரனும் அண்ணியும் மாறி மாறிச் சொல்வது மாடி வரைக்கும் கேட்கும். "இருவது." "இருவது." "இருவத்தொண்ணு." "இருவத்தொண்ணு." ஊசியக்கா அந்தச் சத்தத்தில் எத்தனையோ மதியம் கண்ணயர்ந்திருக்கிறாள்.

அண்ணிக்கு வலது தோள் ஐந்து வருஷமாக முடங்கிப் போயிருந்தது. கை மார்புக்கு மேலே எழாது. உயரத்துக் கம்பியில் துணி மாட்ட நீளக் கொக்கி ஒன்று செய்து வைத்திருந்தாள். டாக்டரிடம் போகச் சொன்னால், "இடது கை எதுக்கு இருக்கு?" என்பாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கொக்கி நழுவி, முழு நீள ஈரத் திரைச்சீலை ஒன்று அவள் தலைமேல் விழுந்து மூடிக்கொண்டது. ஒற்றைக் கையால் அதை விலக்க முடியாமல் அவள் உள்ளேயே தடுமாறினாள். பொத்தான்காரி வழக்கப்படி சிரித்துவிட்டாள். இந்தத் தடவை அது கூலியில் சேராத சிரிப்பு. திரைக்குள்ளிருந்து வெளியே வந்த அண்ணி யாரையும் திட்டவில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை. அண்ணி சாவியோடு படியேறி வந்தாள். முன்னறையைத் தானே திறந்தாள், கூடைகளைக் காலால் ஒதுக்கினாள், ஒற்றைக் கட்டிலில் சலவை விரிப்பு ஒன்றை விரித்தாள்.

"எங்க, உன் சோப்பு வித்தையைக் காட்டு. உருப்படியா இருந்தா அறை உனக்கு. இல்லைன்னா நாளைக்குப் போய் மரியாதையாக் கையெழுத்துப் போட்டுட்டு வா. சரியா?"

"சரி அண்ணி."

கணவர் செய்தித்தாளோடு நடுக்கூடத்துக்கு நழுவிவிட்டார். ஊசியக்கா நாடியைப் பிடித்தாள். முதல்முறையாக அண்ணியின் கையைப் பார்க்கிறாள். கொதிநீர்க் கொப்புளங்கள், ஆவி சுட்ட தழும்புகள். எத்தனை வருஷம் இந்தக் கையால் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறோம், பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எத்தனை மணிக்குத் தூக்கம் கலையுது?"

"தோள் வலின்னு வந்தா தூக்கத்தைக் கேக்கற. தூங்கினாத்தானே கலைய!"

"எந்த ருசி பிடிக்கும்?"

"சூடா இருந்தாப் போதும்."

"இந்த வலி எந்த நாள்லேர்ந்துன்னு ஞாபகம் இருக்கா?"

அண்ணி கூரையைப் பார்த்தாள். "ஊசியைப் போடு முதல்ல" என்றாள்.

தோளில் மூன்று, இரண்டு கைகளிலுமாக நான்கு, காலில் மூன்று. சலவைக்கடை அட்டைச் சீட்டு ஒன்றில் 10 என்று எழுதித் தலைமாட்டில் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போய் எதையாவது செய்யச் சொல்லிக் கால் குறுகுறுத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை கொட்டியது. கீழே நீராவிக் குழாய் பெருமூச்சு விட்டது. எட்டு நிமிஷம் இருக்கும், அண்ணி பேச ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரரு, உங்க மாமா, தூக்கத்துலயே போயிட்டாருன்னுதானே எல்லாருக்கும் சொன்னேன்?"

"ஆமா அண்ணி."

"தூக்கத்துல போகல. இந்த அறைக்குப் பக்கத்துக் குளியலறையில விழுந்துட்டாரு. நீங்க அப்ப இங்க குடிவரல. நான் கீழ இருந்தேன். ஓட்டல் வண்டி வந்திருந்துச்சு. இருவத்தி நாலு விரிப்புல ஒண்ணு குறையுதுன்னு அவன் சொல்றான், இல்லைன்னு நான் சொல்றேன். மறுபடி எண்ணினோம். பாதி எண்ணுறப்ப மேல தடால்னு சத்தம். எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சும்மா. வாளி விழுந்திருக்கும்னு நினைச்சேன். நினைச்சேனா, நினைச்சுக்கிட்டேனா தெரியல. நடுவுல விட்டா எண்ணிக்கை போயிருமே. இருவத்தி நாலு வரைக்கும் எண்ணி முடிச்சிட்டுத்தான் படியேறினேன்."

ஊசியக்கா அசையவில்லை.

"விரிப்பு சரியா இருந்துச்சு. அவரு விழுந்து கெடந்தாரு. மூச்சு இருந்துச்சு. நான் ஒருத்தியா இந்தத் தோள்ல போட்டுத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன்னு தெரியாது. கட்டிலுக்குக் கொண்டாந்துட்டேன். சாயங்காலம் போயிட்டாரு. டாக்டர் சொன்னாரு, சீக்கிரம் வந்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. இரண்டு கையிலும் ஊசி, துடைக்க வழியில்லை. ஊசியக்கா தன் துணி நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. வாழ்க்கையில் அண்ணி அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. மனம் இப்படிக் கொந்தளித்தால் உச்சந்தலையில் ஒன்று வைக்கச் சொல்லி சின்ன டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தாள். புதிதாக ஓர் ஊசியைப் பிரித்து, நரைத்த வகிட்டை விலக்கி மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு அண்ணியின் நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை மெல்ல அடங்கியது.

கீழேயிருந்து பொத்தான்காரி கூவினாள். "அம்மா, ஓட்டல் வண்டி வந்திருச்சு!"

"எடு, எடு. அவன் நனையறான்" என்று அண்ணி பரபரத்தாள்.

ஊசியக்கா சீட்டைப் பார்த்தாள். எண்ணினாள். பத்து. சரியாக இருந்தது. அண்ணி எழுந்து, முகத்தைத் துடைத்து, கழுத்தோரம் கொண்டையை இறுக்கிக்கொண்டு காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டதுபோல் இறங்கிப் போனாள். தோள் எப்படி இருக்கிறது, அறை உண்டா இல்லையா, எதுவும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அறையைச் சுத்தம் செய்யும்போதுதான் பார்த்தாள். பிரித்துப் போட்ட ஊசி உறைகளைக் கூட்டினால், பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. இரண்டு வருஷம் சோப்பையும் சீட்டையும் வைத்துப் பழகி, தன்னுடைய முதல் ஆளிடம் இப்படியா?

நடுக்கூடத்துக்கு ஓடினாள். "என்னங்க, ஒரு ஊசியை மறந்துட்டேன்."

"எங்க மறந்த?"

"உங்க அக்கா தலையில."

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். சினிமாவில் குண்டு வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க லிப்டுல நாலு பேரு மாட்டுனாக்கூட எனக்கு இப்படிப் பகீர்னு இருக்காது. ஆபத்தா?"

"தோல் மேல கொஞ்சம்தான். ஆபத்தில்ல. ஆனா தப்பு."

"அப்ப சத்தம் போடாமப் போ. தலையில நூல் ஒட்டியிருக்கு அண்ணின்னு சொல்லு, லேசா உருவிட்டு வந்துரு. நிஜத்தை நீ சொன்னேன்னு வை, அறையும் போச்சு, உன் ரெண்டு வருஷமும் போச்சு. உனக்காகச் சொல்றேன்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் பதினேழு படியும் அந்த 'நூல் ஒட்டியிருக்கு' அவளோடு கூடவே இறங்கி வந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை. ஒரு நூல் என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. கடைசிப் படியில் நின்று அந்த வார்த்தையை ஒருமுறை வாய்க்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

கடைக்குள் கண்ட காட்சி அவள் எதிர்பார்த்ததல்ல. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்! முதுகை நிமிர்த்தி, கழுத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு, இரண்டு கையும் மடியில். இஸ்திரி மேசையில் பொத்தான்காரி வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். அந்தக் கடையில் பகலில் அண்ணி உட்கார்ந்து யாரும் பார்த்ததே கிடையாது. நரைமுடியின் உச்சியில் விளக்கொளி பட்டு ஊசி மினுக்கென்றது.

"பாருங்கக்கா" என்று பொத்தான்காரி புகார் சொன்னாள். "தலையில கம்பி மாதிரி நிக்குதேன்னு எடுக்கப் போனேன். கத்திட்டாங்க. வண்டிக்காரன்கூட என்னம்மா ஏரியல் வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போறான்."

"தொடாதன்னு சொன்னேன். அவளுக்கென்ன தெரியும்?" என்றாள் அண்ணி, கழுத்தைத் திருப்பாமல். "கொண்டை போடுறப்பவே கையில பட்டுச்சு. மத்ததையெல்லாம் எடுத்துட்டு நீ இதை மட்டும் விட்டிருக்கேன்னா காரணமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ஆட்டக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்மா இருக்கணும்?"

கேலி செய்த வாய் கடைசிவரை கேலி செய்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! சொல்ல வேண்டியதுகூட இல்லை. 'இவ்வளவு நேரம் போதும் அண்ணி' என்று சொல்லி எடுத்துவிடலாம். அது பொய் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஐந்து வருஷத்தை அவளிடம் இறக்கி வைத்த முகம் அது. முகம் தங்காதவளுக்கு அந்த முகம் தங்கிவிட்டது.

"காரணமில்ல அண்ணி. மறந்துட்டேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. பொத்தான்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"மறந்துட்டியா?"

"பத்து வச்சேன், சீட்டுல பத்துன்னு எழுதினேன். நீங்க அழுதப்ப இன்னொண்ணு வச்சேன். அதை எழுதல. எண்ணணும்னே தோணல. என் தப்புதான். அறை வேண்டாம் அண்ணி, நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

அண்ணி அவளைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. நீராவிக் குழாய் இரண்டு தடவை மூச்சுவிட்டது.

"நான் அழுததுல உனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றாள் மெதுவாக.

"ஆமா அண்ணி."

"எனக்கு விட்டுப்போகல பாரு, அன்னைக்கு. இருவத்தி நாலும் சரியா எண்ணினேன்."

ஊசியக்கா போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணியின் வலது கை மடியிலிருந்து எழுந்து அவள் தலைமேல் வந்தது. அது மார்பு உயரத்துக்கும் கீழேதான். அற்புதம் ஒன்றும் இல்லை. அந்தக் கை அங்கேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய அண்ணியாகிவிட்டாள். "அதுக்காக எண்ணாம இருந்துருவியா? இது துணியில்ல, உடம்பு. நீ ஒருத்தியே எழுதி நீ ஒருத்தியே எண்ணினா இப்படித்தான் ஆகும். என் கடையில எப்படி எண்ணுறோம்? எழுந்திரு. எடு இதை."

ஊசியக்கா எழுந்து, நரைமுடியை விலக்கி ஊசியை உருவினாள்.

"பதினொண்ணு" என்றாள் அண்ணி உரக்க. "என்ன முழிக்கிற? திருப்பிச் சொல்லு."

"பதினொண்ணு."

"ஆங். அந்தக் கூடையெல்லாம் யாரு எடுப்பா? உன் புருஷனைக் கீழ வரச் சொல்லு."

திங்கட்கிழமை அவள் விலகல் கடிதம் கொடுத்தாள். முக்காலியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை சுவரில் சான்றிதழ் ஏறியது. கணவர் அதை மட்டம் பார்த்து மாட்டினார், லிப்டுக்கு வைக்கிற அதே கருவியால்.

அண்ணியின் தோளுக்கு மூன்று மாதம் பிடித்தது. எலும்பு டாக்டரிடமும் ஊசியக்காதான் பிடிவாதமாக அழைத்துப் போனாள். அவர் சொன்ன பயிற்சிகளை நின்று செய்ய வைத்தாள். கை கடைசிவரை உயரத்துக் கம்பியை எட்டவில்லை. கீழ்க் கம்பியை எட்டியது. கொக்கியைப் பொத்தான்காரி எடுத்துக்கொண்டாள், முதுகு சொறிய. அண்ணியோ தன் தோளைவிட, ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொன்னாள்.

பிறகு எத்தனை வருஷங்கள் அந்த முன்னறை! வெதுவெதுப்பான தரை, இரண்டு ஜன்னல், கீழே ஆவி. வருகிறவர்களிடம் முதலில் கேள்விதான். நெஞ்சுவலி, நிற்காத காய்ச்சல் என்றால் ஊசியைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள், கூடவே ஆளையும் அனுப்புவாள். மற்றவர்களுக்கு, வைக்கும்போது அவள் ஒன்று என்பாள். படுத்திருப்பவர் ஒன்று என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எடுக்கும்போதும் அப்படியே. புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நாலாவது ஊசிக்குள் சிரிப்பு நின்றுவிடும், குரல் வேறு மாதிரி ஆகிவிடும். மணிக்கட்டில் தீக்காயத் தழும்புள்ள ஒருவர் வருவாரா என்று அவள் ரொம்ப நாள் பார்த்தாள். அவர் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் எண்ணுவதைக் கேட்டு, இது என்ன பள்ளிக்கூடமா, கடையா என்று கேட்பார்களாம். இப்போது அந்தக் கட்டடம் இல்லை. ஊசியக்காவின் அறை வேறு தெருவில், குளிர்ந்த தரையோடு இருக்கிறது. இன்றைக்கும் அவள் காலுக்கு அந்தப் பழைய சூடு வேண்டியிருக்கிறது.

அண்ணி கடைசியாகப் படுத்தது அதே ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில். இதயம் களைத்துவிட்டது என்றார்கள். ஊசியக்கா கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. ஒருநாள் காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். நல்ல கை; ஊசியக்கா பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். கட்டினாள், தட்டினாள், குத்தினாள், எடுத்தாள். "அவ்ளோதான் பாட்டி, முடிஞ்சுது" என்று பஞ்சை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

"ஒண்ணு" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் நின்றாள். "என்ன பாட்டி, என்ன வேணும்?"

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போகாமல் நின்றாள். அடுத்த கட்டில்காரர் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்று ஊசியக்கா எழுந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் ஒண்ணுன்னு சொல்லு, போதும்."

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். கட்டிலருகே குனிந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு" என்றாள்.